மிதியடியோடு ஆலயத்தில்

எங்கள் பங்கு ஆலயத்தின் வாயிற்படிகளின் இருபுறமும் ஞாயிறுதோறும் மிதியடிகள் குவிந்து கிடக்கும். சிறுவயது முதல் என் மிதியடிகளும் அக்குவியலில் கிடந்தவையே. இன்று அவை அங்கே இல்லை; என் கால்களோடு திருப்பலிக்கு உள்ளே வந்துவிடுகின்றன. அதைக் கண்டு சிலர் முகம் சுளிக்கின்றனர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஒரு காலத்தில் நானும் அவ்வாறு சுளித்தவனே.

2018ஆம் ஆண்டு, வேளாங்கண்ணி அன்னையின் திருவிழாவுக்குத் தஞ்சையிலிருந்து வெறுங்காலோடு நடந்து சென்றேன். மகளின் சுகப்பேற்றுக்காகச் செய்திருந்த நேர்ச்சை அது. அதற்குள் நீரிழிவு நோய் என் உடலில் குடிபுகுந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நண்பகலில் தார்ச்சாலை கொதித்தது. உடன் வந்தோர் கால் பொறுக்காமல் நிழல் தேடி ஓடினர். எனக்கோ எதுவும் சுடவில்லை. "எல்லாம் அன்னையின் அருள்" என்று பெருமையோடு சொல்லிக்கொண்டேன். வீடு திரும்பியதும், தரையில் பதிந்த ஈரச் சுவடுகளை முதலில் கண்டவள் என் மனைவிதான். இடது பெருவிரலின் அடியில் தோல் உரிந்து சீழ் கோத்திருந்தது. புண் எலும்புவரை சென்றுவிட்டதால், பெருவிரலையும் அதற்கடுத்த விரலையும் அகற்ற வேண்டியதாயிற்று.

மருத்துவமனையில் செவிலியர் ஒருவர் என்னைக் கண்களை மூடச் சொன்னார். 10 கிராம் அழுத்தமே தரும் நைலான் இழை ஒன்று அவர் கையில் இருந்தது. "உள்ளங்காலில் படும்போது சொல்லுங்கள், ஐயா" என்றார். நான் காத்திருந்தேன். அவரோ தொட்டு முடித்திருந்தார்.

அருள் என்று நான் கொண்டாடியது நரம்புகளின் மௌனம் என்பது அன்றுதான் விளங்கிற்று. மோலோக்காய்த் தீவில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய புனித தமியான், 1884இல் கொதிநீர் பட்டுக் கால் பொத்துப்போன பின்னும் சூடு தெரியாததைக் கண்டே தமக்கும் அந்நோய் வந்ததை உணர்ந்தார் என்பர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தேய்ந்தழிவதற்குக் காரணம் நோய் சதையைத் தின்பதன்று. வலி தெரியாததால் காயங்கள் கவனிக்கப்படாமல் போவதே என எடுத்துக்காட்டினார். நீரிழிவாளரின் பாதங்களுக்கும் இது பொருந்தும். வலி, இறைவன் நம் உடலுக்கு வைத்த காவல்.

இரண்டு விரல்கள் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று எண்ணியிருந்தேன். எழுந்து நடந்தபோதுதான் அவற்றின் உழைப்புத் தெரிந்தது. அடி எடுத்து வைக்கையில் உடலை முன்னே உந்துவது பெருவிரலே. வார்ச்செருப்பைப் பற்றி நிறுத்துவதும் அவ்விரு விரல்களே. முழந்தாளிட்டு எழுகையில் முன் இருக்கையைப் பற்றாமல் இன்று என்னால் எழ இயலாது. விரல்கள் தாங்கிய சுமை பாதத்தின் பிற பகுதிகளில் இறங்குவதால், அங்கும் புண் வரக்கூடும். எனவே மெத்தென்ற எம்.சி.ஆர். மிதியடி, குதிகாலைப் பிடிக்கும் வாரோடு. வெறுங்காலோடு ஓரடியும் கூடாது என்பது மருத்துவர் கட்டளை.

ஆலயத்தில்தான் சோதனை. எரியும் முட்புதரின் முன்னே மோசே மிதியடிகளைக் கழற்றிய நிகழ்ச்சியை மறைக்கல்வி வகுப்பில் எத்தனை சிறுவருக்குச் சொல்லியிருப்பேன்! சில வாரங்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்று, ஒலிபெருக்கி வழியே திருப்பலி கண்டேன். ஒருநாள் மனம் பொறாமல் மிதியடிகளைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றேன். அன்றிரவு, செபமாலைக்குப் பின் வழக்கம்போல் என் பாதங்களை விளக்கொளியில் பார்த்த மனைவி, உள்ளங்காலிலிருந்து குண்டூசி ஒன்றை உருவி எடுத்தாள். எனக்கு அதுவும் தெரியவில்லை.

"நேர்ச்சைக்கு இரண்டு விரல் குடுத்தாச்சு. மரியாதைக்கு இன்னும் எத்தனை குடுக்கப் போறீங்க?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

பங்குத்தந்தையிடம் சென்று சொன்னேன். "ஆலயத்துக்கென்று தனியாக ஓர் இணை வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே வாருங்கள்" என்றார். மறு ஆண்டு புனித வியாழனன்று பாதம் கழுவப்படும் பன்னிருவருள் ஒருவனாக அமரவும் அழைத்தார். குறையுள்ள காலைச் சபைமுன் நீட்டுவதா என்று மறுத்தேன். இறுதியில் மனைவியின் வற்புறுத்தலுக்கு இணங்கினேன். அவர் முழந்தாளிட்டு நீர் வார்த்தார், எனக்குத் தெரியவில்லை. வெறுமையான அவ்விடத்தைத் துணியால் ஒற்றி, எஞ்சிய விரல்களின் இடுக்குகளையும் ஈரம் போகத் துடைத்தார். இரவுதோறும் என் மனைவி செய்வதும் அதுவே. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என் கண்கள் நிறைந்தன.

உடலின் வலுக்குறைந்த உறுப்புகளே இன்றியமையாதவை என்று கொரிந்தியருக்குப் புனித பவுல் எழுதியதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். என் பாதம் உணராததை இன்று இன்னொருவரின் கண்கள் எனக்காக உணர்கின்றன. திருச்சபை ஒரே உடல் என்பதை நான் கற்றது அவ்விளக்கொளியில்தான்.