ஆறு நாள் பயணமும் ஒரு மெழுகுதிரியும்

மூன்று வாரங்களாக நம் மேசையின்மீது ஒரு நிலப்படம் விரிந்து கிடக்கிறது. காற்றில் பறந்துவிடாதிருக்க ஒரு மூலையில் திருப்புகழ்மாலை நூலும், மறு மூலையில் கோவில் சாவிக் கொத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கியே முகம் திருப்பி நிற்கும் போர்த்துக்கல் நாட்டின் படம் அது. நம் குருத்துவ வெள்ளி விழாவின்போது பங்கு மக்களும் உடன்பிறந்தோரும் சேர்ந்து ஒரு தொகையைக் கையில் தந்து, "ஒரு தடவையாவது வெளிநாடு போய் வாருங்கள் சாமி" என்றனர். எங்கே செல்வது என்பதில் நமக்கு ஐயம் எழவில்லை. எத்தனை நாள் என்பதில்தான் சிக்கல். பாஸ்கா விழா முடிந்து, பக்கத்துப் பங்குத்தந்தை திருப்பலிகளை ஏற்றுக்கொள்ள இசைந்த நாள்களைக் கணக்கிட்டு, விமானத்தில் கழிவதையும் நீக்கினால், மிஞ்சுவன ஆறே நாள்கள்.

சிறிய நாடுதானே, ஆறு நாள் போதாதா என்று தொடக்கத்தில் எண்ணினோம். அதன் பரப்பு ஏறக்குறைய 92,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழகத்தினும் குறைவு. வடக்கிலிருந்து தெற்கே 560 கிலோமீட்டர் அளவே நீளம். இந்தத் துணிவோடு ஒரு தாளில் எழுதத் தொடங்கினோம். லிஸ்பன் நகரில் புனித அந்தோனியார் பிறந்த இடத்தில் எழுந்த கோவில். 1755 நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் விழாத் திருப்பலி நடந்துகொண்டிருந்த வேளையில் வந்த நிலநடுக்கத்தில் கூரையிழந்து, இன்றும் வானமே கூரையாக நிற்கும் கார்மேல் மடத்துக் கோவில். வாஸ்கோ ட காமாவின் கல்லறையுள்ள ஜெரோனிமோஸ் துறவு மடம். பாத்திமா. அந்தோனியார் கல்வி கற்ற கோயிம்பிரா. ஆற்றங்கரை நகரான போர்த்தோ. அண்டிரிக் அடிகளார் பிறந்த வில்லா விசோசா. ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்குக் கோடியாகிய ரோக்கா முனை. பதினோர் இடங்கள் சேர்ந்தபின் பென்சிலைக் கீழே வைத்தோம். பேருந்து, தொடர்வண்டி நேரங்களைக் கூட்டிப் பார்த்தபோது, நாம் போர்த்துக்கலைக் காணப்போவதில்லை, அதன் சன்னலோர இருக்கைகளையே காணப்போகிறோம் என்பது புலனாயிற்று.

சன்னல் என்று எழுதியபோதே நமக்குச் சிரிப்பு வந்தது. அச்சொல்லே அந்நாட்டிலிருந்து வந்ததுதான். நிலப்படம் விரிந்திருக்கும் மேசை, அதன்மேல் கிடக்கும் சாவி, பின்னால் நிற்கும் அலமாரி ஆகிய மூன்றும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொற்களே. நம் ஞானத்திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்தால் பர்னாந்து, கொரேரா, மச்சாது என்று பக்கந்தோறும் அந்நாட்டின் குடும்பப் பெயர்கள். இத்தனை ஆண்டுகள் அவர்கள் வீட்டுப் பொருள்களோடு வாழ்ந்துவிட்டு, அவர்கள் வீட்டை ஒருமுறை எட்டிப் பார்க்க விரும்புவது தவறாகாது என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம்.

கொடுத்தல் ஒருபுறமாக மட்டும் நிகழவில்லை என்பதையும் நினைவுகூர வேண்டும். தமிழ்மொழியில் முதன்முதலாக அச்சான நூல் 1554-இல் வெளிவந்தது அந்த லிஸ்பன் நகரிலேதான். செபங்களும் மறையுண்மைகளும் அடங்கிய அச்சிறு நூலில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளன. அதனை உருவாக்கியவர்கள் வின்சென்ட் த நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ் என்று திருமுழுக்குப் பெயர் பூண்ட தமிழர் மூவர். அந்நூலின் படியொன்று லிஸ்பனின் பெலேம் பகுதியிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு உரியது. அக்கட்டடமோ புதுப்பிப்புப் பணிகளுக்காக 2022-இல் மூடப்பட்டது. நம் பட்டியலிலிருந்து முதலில் அடிக்கப்பட்டது அதுவே. ஆயினும் பெலேம் சென்றால் அதன் வெளிச்சுவர் அருகே சற்று நின்றுவிட்டு வருவோம்.

திட்டமிடும் இவ்விரவுகளில் நம்மை மிகவும் நாணச் செய்தவர்கள், அங்கிருந்து இங்கு வந்தவர்கள். புனித சவேரியார் 1541 ஏப்ரல் 7 அன்று லிஸ்பனில் கப்பலேறினார். அன்று அவருக்கு 35 வயது நிறைந்தது. கோவாவில் இறங்கியது 1542 மே 6. பதின்மூன்று மாதக் கடல் வழியை நாம் ஒரு நாளுக்குள் கடக்கப் போகிறோம். இருந்தும் விமானம் மாறும் ஊரில் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டுமே என்று முகம் சுளிக்கிறோம். அண்டிரிக் அடிகளார் 1546-இல் வந்தார், தமிழ் கற்றார், 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலை அச்சேற்றினார், 1600-இல் புன்னைக்காயலில் கண்மூடினார். பிறந்த ஊரை அவர் மறுபடி காணவே இல்லை.

திரும்பிச் சென்ற ஒருவர் உண்டு. அவர் புனித அருளானந்தர். லிஸ்பனில் 1647-இல் பிறந்து, சிறுவயதில் இளவரசர் பேதுருவோடு அரண்மனையில் வளர்ந்தவர். மதுரை மறைப்பணித்தளத்தின் அலுவலாக 1687-இல் தாய்நாடு சென்றபோது, அந்த இளவரசர் அரசராக வீற்றிருந்தார். தம் பிள்ளைகளுக்கு ஆசானாக இங்கேயே தங்கிவிடும்படி நண்பரை வேண்டினார். பிறந்த நகர், அரசரின் நட்பு, பாதுகாப்பான முதுமை எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. அவரோ 1690-இல் மீண்டும் கப்பலேறி, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூர் மணலில் தலை கொடுத்தார். இன்று லிஸ்பனில் அவர் பெயரால் ஒரு பங்குக் கோவில் இருக்கிறது. அவர் தங்க மறுத்த ஊருக்குச் செல்லவே நாம் இப்படம் பார்க்கிறோம் என்ற எண்ணம் இடையிடையே குத்தாமல் இல்லை.

அடுத்து நுழைவுரிமை விண்ணப்பம் வந்தது. போகவும் வரவும் விமானச்சீட்டு முன்பதிவு, ஒவ்வோர் இரவும் தங்குமிடத்தின் சான்று, வங்கிக் கணக்கு விவரம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. வழிக்குப் பையோ பணமோ வேண்டாம் என்று சீடரைப் பணித்து அனுப்பிய ஆண்டவர் இத்தாள்களைக் கண்டால் என்ன சொல்வாரோ! படிவத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்றொரு கட்டம். 'சுற்றுலா' என்று நிரப்பினோம். பொய் இல்லைதான். எனினும் அச்சொல் நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

இந்நிலையில் ஒருநாள் மாலை, செபமாலை முடிந்தபின் முதிய தாய் ஒருவர் நம் அறை வாயிலில் வந்து நின்றார். அவருடைய கணவர் 27 ஆண்டுகளுக்குமுன் வள்ளத்தில் சென்றவர். வள்ளமும் திரும்பவில்லை, உடலும் கரை சேரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவருக்கென்று ஆறடி மண்ணில்லை. எனவே ஆண்டுதோறும் நவம்பர் இரண்டாம் நாள், ஊரார் கல்லறைகளில் திரியேற்றும் வேளையில், இத்தாய் மட்டும் கடற்கரைக்குச் சென்று அலை எட்டாத மணலில் ஒரு மெழுகுதிரியை நட்டுவைப்பார். பாத்திமாவில் செபிக்கச் சொல்ல வந்திருக்கிறார் போலும் என்று எண்ணினோம்.

"நீங்க போற ஊர்ல கடல் உண்டா சாமி?"

"உண்டும்மா. பெரிய கடல்."

"அப்போ அந்தக் கரையில அவருக்கு ஒரு திரி பொருத்தி வச்சிட்டு வாங்க. எல்லாத் தண்ணியும் ஒண்ணுதானே."

முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது ரூபாய்த் தாளொன்றை மேசைமீது வைத்தார். மீன்பிடித் தடைக்காலம் தொடங்க இரண்டு நாள்களே இருந்த சமயம் அது. ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அப்படகுகளை நம்பியிருக்கும் வீடுகளில் இருபது ரூபாய் சிறு தொகை இல்லை. மறுக்க நாவெழுந்தது. ஆனால் அவர் தருவது நமக்கு இல்லையே, தம் கணவருக்கல்லவா! வாங்கிக்கொண்டோம்.

அன்றிரவு குருமடத்தில் நாம் படித்த பாடமொன்று நினைவுக்கு வந்தது. ஐபீரியத் தீபகற்பத்திற்குப் பயணத் திட்டம் வகுத்த பழையவர்களில் ஒருவர் நம் திருத்தூதர் பவுல். ஸ்பெயினுக்குச் செல்லும் வழியில் உங்களையும் காண்பேன் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்தில் அவர் குறிப்பிடுகிறார். ஆனால் அதற்குமுன் ஒரு வேலை உண்டு என்கிறார். எருசலேமின் ஏழைகளுக்கென்று மற்றத் திருச்சபைகள் திரட்டித் தந்த காணிக்கையை அவர் கையளிக்க வேண்டும். அதைக் கையளிக்கச் சென்ற இடத்தில் சிறைப்பட்டார். உரோமைக்குக் கைதியாகவே போய்ச் சேர்ந்தார். ஸ்பெயின் சென்றார் எனப் பழைய மரபு கூறினும், திருநூல் அதுபற்றி மௌனம் காக்கிறது. தம் திட்டத்தைவிடப் பிறர் கையில் தந்த பொறுப்பு அவருக்குப் பெரிதாக இருந்தது. வெகுநாள் ஆசைப்பட்ட ஸ்பெயினை இரண்டாவதாக வைக்க அவரால் முடிந்தது.

மறுநாள் நிலப்படத்தைப் புதிதாகப் பார்த்தோம். லிஸ்பனிலும் கடல் அருகேதான் இருக்கிறது. அங்கேயே திரியை ஏற்றிவிடலாம். ஆனால் மனம் ஒப்பவில்லை. பாத்திமாவிலிருந்து மேற்கே 50 கிலோமீட்டருக்குள் நசாரே என்றொரு மீனவர் ஊர் இருக்கிறது. நாசரேத்தின் பெயரையே தாங்கிய ஊர். நாசரேத்திலிருந்து வந்ததென மரபு கூறும் அன்னை மரியாவின் சிறு மரச்சுரூபம் அங்குள்ள குன்றின்மேல் கோவில் கொண்டிருக்கிறது. அவ்வூரை ஒட்டிக் கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரையருகே வரை நீள்கிறது. அதனால் குளிர்காலத்தில் அலைகள் மலைபோல் எழும். 2020 அக்டோபரில் ஒருவர் சறுக்கிக் கடந்த அலையின் உயரம் 26.21 மீட்டர் என அளந்திருக்கிறார்கள். உலகம் அதை வேடிக்கை பார்க்கச் செல்கிறது. ஆனால் 1980-களில் துறைமுகம் அமையும்வரை, அவ்வூரார் கூர்முனைப் படகுகளை அந்த அலைகளுக்குள்ளேதான் தள்ளிச் சென்றனர். திரும்பிய படகுகளை மாடுகளைப் பூட்டிக் கரைக்கு இழுத்தனர். பலர் மனைவியர் கண்முன்னாலேயே மூழ்கினர். இன்றும் அங்குப் பெண்கள் கடற்கரையில் மீனைப் பிளந்து காயவைக்கிறார்கள். நம் தாயின் திரிக்கு ஏற்ற மணல் அங்கேதான் இருக்கிறது.

நசாரே உள்ளே வர, போர்த்தோ வெளியே போயிற்று. மெய்யாகவே வருந்தினோம். லிஸ்பனிலிருந்து மூன்று மணி நேரத் தொடர்வண்டிப் பயணமும் தூரோ ஆற்றின் பாலங்களும் இளமையிலிருந்து நாம் கண்ட கனவு. கோயிம்பிராவும் வில்லா விசோசாவும் ரோக்கா முனையும் அதனோடு போயின. இப்போது திட்டம் எளிது. லிஸ்பனில் இரண்டு நாள். திங்கட்கிழமை ஜெரோனிமோஸ் மூடப்பட்டிருக்கும் என்பதால், அன்று அந்தோனியார் கோவிலும் அருளானந்தர் கோவிலும். பின்பு பாத்திமாவில் இரண்டு இரவு. ஐந்தாம் நாள் நசாரே. ஆறாம் நாள் விமான நிலையம்.

இன்று சென்று இன்ன நகரில் தங்குவோம் என்று சொல்லாதீர்கள், ஆண்டவர் விரும்பினால் என்று சொல்லுங்கள் என யாக்கோபு எச்சரிக்கிறார். எனவே நாமும் அப்படியே சொல்கிறோம். நுழைவுரிமை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால், வருகிற நவம்பர் இரண்டாம் நாள் அத்தாயோடு நம் கடற்கரைக்கே நாமும் செல்வோம். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அவரோடு சென்றதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. கிடைத்தாலும் செல்வோம்.

அந்த இருபது ரூபாய்த் தாள் நம் கடவுச்சீட்டின் உறைக்குள் இருக்கிறது. எந்த நாணயமாற்றுக் கடையிலும் அதற்கு யூரோ தரமாட்டார்கள். செலவுக் கணக்குத் தாளில் முதல் வரியாக அதையே எழுதியிருக்கிறோம்.