மூன்றெழுத்து

தம்பி,

மூன்றே எழுத்து. கி, ளா, ஸ். காட்டாங்குளத்தூர் இரயில் நிலைய மேடையில் கால்மணி நேரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டால் போதும், அந்தச் சொல் எத்தனை வேடம் புனைகிறது என்பது புரிந்துவிடும். “கிளாஸுக்கு நேரமாகிவிட்டது” என்று பொத்தேரிக்குப் போகும் மாணவன் பதறுகிறான். “முதல் கிளாஸ் பெட்டி எங்கே நிற்கும்?” என்று மடிப்புக் கலையாத சட்டைக்காரர் கேட்கிறார். “படம் மாஸ் இல்லை, கிளாஸ்!” என்று தீர்ப்பளிக்கிறான் திரையரங்கிலிருந்து திரும்பும் வாலிபன். வெளியே தேநீர்க் கடையில், “இன்னும் இரண்டு கிளாஸ் கழுவி வை” என்று ஒலிக்கிறது முதலாளியின் குரல்.

அறை ஒன்று, பெட்டி ஒன்று, பாராட்டு ஒன்று, பாத்திரம் ஒன்று! அன்றாடம் புழங்கும் சொல்தானே, ஆராய என்ன இருக்கிறது என்று எண்ணாதே. ஆராயாமல் விட்ட சொற்கள்தாம் நம்மை ஆண்டிருக்கின்றன.

பிறந்தகம் எது? இலண்டன் அன்று, உரோமாபுரி. ‘கிளாசிஸ்’ என்ற இலத்தீன் சொல்லே இதன் தாய். குடிமக்களை அவரவர் சொத்தின் அளவுப்படி வகுத்த பிரிவுக்கு அந்தப் பெயர். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் செர்வியஸ் துல்லியஸ் என்னும் மன்னன் ஐந்து வகுப்புகளை ஏற்படுத்தினான் என்பது உரோமர் வழிவழிக் கூறிவந்த வரலாறு. படைக்கு ஆள் திரட்டவும் வரி தண்டவும் அந்தப் பிரிவு பயன்பட்டது. கப்பற்படைக்கும் அதே சொல் வழங்கிற்று.

வாக்களித்த முறையைக் கேள், வியப்பாய்! மன்றத்தில் மொத்தம் 193 குழுக்கள். குழுவுக்கு ஒரு வாக்கு. குதிரைப் படையினர்க்கு 18 குழுக்கள், முதல் வகுப்புச் செல்வர்க்கு 80. கூட்டினால் 98. பெரும்பான்மைக்கு 97 போதும்! மேலிருப்போர் ஒன்றுபட்டு நின்றால், கீழிருப்போர் வாயைத் திறக்க வேண்டிய தேவையே எழாது. சொத்தே இல்லாத ஏழையர் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. அவர்களுக்கு வைத்த பெயர், ‘பிள்ளைகளைத் தவிர நாட்டுக்குத் தருவதற்கு ஏதுமற்றோர்’ என்னும் பொருள் கொண்டது. பின்னாளில் பாட்டாளி வர்க்கத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் அதிலிருந்துதான் முளைத்தது. இழிவாகச் சூட்டிய பெயரையே எழுச்சிக் கொடியாக ஏந்திக்கொண்டனர் உழைப்பாளர்கள்!

இன்னொரு கிளையும் உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அவுலஸ் கெல்லியஸ் என்ற உரோம எழுத்தாளர், நம்பத்தகுந்த நூலாசிரியரை ‘முதல் வகுப்பினர்’ என்றும், மற்றவரைச் சொத்தற்றவர் என்றும் பிரித்துப் பேசுகிறார். வரிப் பட்டியலின் வாசகம் இலக்கியத்துக்கு ஏறிவிட்டது! ‘கிளாசிக்’ என்ற சொல்லின் கதை இதுதான். 2004 அக்டோபரில் இந்திய அரசு தமிழுக்கு வழங்கிய தகுதியின் ஆங்கிலப் பெயரிலும் அந்தச் சொல்லே உள்ளது. நாமோ ‘செம்மொழி’ என்றோம். செம்மையிலிருந்து பிறந்த சொல்; அதில் பணப்பெட்டியின் வாடை இல்லை. ‘மாஸ் இல்லை, கிளாஸ்’ என்னும் வாலிபனின் தீர்ப்பிலோ அந்த உரோமச் செல்வனின் மமதை இன்னும் மினுக்குகிறது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்தது ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பு. பள்ளிப் பிரிவைக் குறித்தது. செடிகொடி, விலங்குகளின் இனப் பகுப்பைக் குறித்தது. ஆலைகள் எழுந்த காலத்தில்தான் சமுதாய அடுக்கைக் குறிக்கும் சொல்லாக ஓங்கியது. அதற்கு முன் ஆங்கிலேயர் ‘படிநிலை’ என்ற பொருளில் வேறு சொற்களைப் பயன்படுத்தினர். அவை பிறப்போடு ஒட்டியவை. ‘கிளாஸ்’ அப்படியன்று. உருவானது, ஆகவே உடையக்கூடியது. இன்று ஏழை, நாளை செல்வன் ஆகலாம், ஏறலாம், இறங்கலாம்.

நம் நாட்டில் இரயில் வந்தபோது அந்தச் சொல்லும் பெட்டிகளில் எழுதப்பட்டு வந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931இல். நாடெங்கும் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974 வரை நீடித்தது. பிறகு அந்தப் பெயரை நீக்கி, இரண்டாம் வகுப்பு என்றார்கள். பெயர் போயிற்று, நெரிசல் போகவில்லை! ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. காசு கொடுத்தவன் எவனும் முதல் வகுப்பில் அமரலாம். பயணச்சீட்டு கேட்பவர் குலம் கேட்பதில்லை. ‘கிளாஸ்’ என்ற சொல்லுக்கும் ‘சாதி’ என்ற சொல்லுக்கும் உள்ள இடைவெளி அதுதான். ஒன்றில் கதவு உண்டு, பூட்டியிருந்தாலும். மற்றொன்றில் சுவர் மட்டுமே.

தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? வகுப்பு. ‘வகு’ என்பது அடி. கணக்கில் வகுத்தல், பள்ளியில் வகுப்பு, சமுதாயத்திலும் வகுப்பு. ‘வகுப்புக் கலவரம்’ என்று செய்தித்தாள் எழுதும்போது எந்தப் பள்ளிச் சிறுவனும் பெஞ்சுச் சண்டை என்று எண்ணுவதில்லை. 1921இல் நீதிக்கட்சி ஆட்சி பிறப்பித்த ஆணையையும் வகுப்புவாரி ஆணை என்றே வழங்கினோம். பின்னர் அது பெற்ற வடிவில், அரசுப் பணியிடங்கள் பன்னிரண்டில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறித்தவர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1. வகுத்தவனே விழுங்கிய சோற்றை, வகுத்துக் கொடுக்கச் சொன்ன ஆணை!

1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், செண்பகம் துரைராசன் வழக்கில், கல்லூரிச் சேர்க்கையில் அந்த முறை செல்லாது என்றது. தமிழகம் கொந்தளித்தது. அதே ஆண்டு சூனில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 15ஆவது கூறில் புதிதாக ஏறிய உட்பிரிவு, சமுதாயத்திலும் கல்வியிலும் பிற்பட்ட ‘கிளாஸ்’களுக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்றது. பார்த்தாயா தம்பி, மூன்றெழுத்தின் பயணத்தை! உரோமாபுரியில் செல்வனுக்கு வாக்கைக் குவித்துக் கொடுத்த சொல், இங்கே உழவன் மகனுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது.

அந்தச் சொல்லுக்குள் சாதி நுழையலாமா என்று நாற்பது ஆண்டுகள் வழக்காடினார்கள். பிற்பட்ட வகுப்புகள் என்பவை சாதிகளின் தொகுப்பே என்று அம்பேத்கர் 1951இலேயே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார். 1992 நவம்பரில், மண்டல் குழு வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயத்தின் பெரும்பான்மையோர், சமுதாயத்தில் பிற்பட்டிருக்கும் ஒரு சாதி ஒரு வகுப்பாகவும் அமையலாம் என்று தீர்த்தார்கள். வளமான பிரிவினரை விலக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தச் சொல் திறந்த கதவின் வழியே வந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி கண்ட முதல் தலைமுறை. நான் பணிபுரிந்த ஓரிடத்தில், “உன் வகுப்பால் வந்தவன்தானே நீ?” என்று ஒருவர் ஏளனம் செய்தார். “ஆம், என் வகுப்பால் வந்தேன், உங்கள் வகுப்பால் நான் வராமலிருந்த காலம் அதைவிட நீளமானது” என்றேன். வாயடைத்துப் போனார். அந்த விடையை இன்றும் என்னால் தலைநிமிர்ந்து சொல்ல முடியும்.

ஆனால் தம்பி, விடை சொல்லத் தெரிந்த நமக்கே ஒரு வினாவும் காத்திருக்கிறது.

மேடையில் கேட்ட நான்காவது ‘கிளாஸ்’ நினைவிருக்கிறதா? கண்ணாடிக் குவளை. ஆங்கிலத்தில் அது வேறு எழுத்தில் தொடங்கும் வேறு சொல். இலத்தீனத்துக்கும் அதற்கும் உறவில்லை, செருமானியக் குடும்பத்தது. தமிழில் இரண்டுக்கும் ககரமே எழுத்தாகையால், இரண்டும் ஒன்றாகிவிட்டன. எழுத்தில் மட்டுமா ஒன்றாயின? என் தந்தையார் பிறந்த சிற்றூரின் தேநீர்க் கடையில் எங்கள் சாதியாருக்குப் பலகையும் கண்ணாடிக் குவளையும் உண்டு. சேரியிலிருந்து வந்தோர்க்கு வெளியே தரையும் தேங்காய்ச் சிரட்டையும். எந்தக் குவளை கையில் இருக்கிறதோ அதுவே அவன் வகுப்பு! அந்தப் பலகையில் அமர்ந்திருந்தவர்கள் யார்? முதல் வகுப்பில் பயணம் செய்த சீமான்களா? இல்லை. சட்டம் ‘பிற்பட்டோர்’ என்று பட்டியலிட்ட நம்மவர்கள்!

தீண்டாமையை அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது கூறு ஒழித்தது. அதைக் குற்றமாக்கித் தண்டிக்க 1955இல் தனிச்சட்டமும் வந்தது. இருந்தும் இரட்டைக் குவளைச் செய்தி அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

மேலே இருப்பவன் தள்ளும்போது ‘வகுப்புரிமை’ என்று முழங்குகிறோம். கீழே இருப்பவன் அருகில் வந்து அமரும்போது ‘வழக்கம்’ என்று முணுமுணுக்கலாமா? உரிமை கேட்கும் வாய்க்கு, உரிமை மறுக்கும் கை எப்படி வாய்த்தது? ஒரு சொல்லின் ஒரு பொருளால் உயர்ந்தவன், அதே ஒலியின் மறுபொருளால் ஒருவனைத் தாழ்த்துவது எந்தப் பகுத்தறிவு?

ஆகவே, நீ செல்லும் ஊர்களில் தேநீர்க் கடைகளைக் கூர்ந்து பார். குவளை இரண்டாகத் தெரிந்தால், உன் பங்கை வாங்கிக் குடித்துவிட்டு நகராதே. கேள். கூடி நின்று கேள். தேவைப்பட்டால் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடு. வகுத்தல் கணக்கைப் பிழையறக் கற்ற நாம், கூட்டல் கணக்கை அந்தக் கடை வாசலில்தான் தொடங்க வேண்டும்.