எந்தப் பாயில் உட்காருவது

தாராவியின் தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், அம்மன் கோயிலை ஒட்டி ஒரு சிறு கூடம் இருக்கிறது. காலையில் அது பூசைச் சாமான்கள் வைக்கும் இடம். பிற்பகலிலும் மாலையிலும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் படிக்கும் இடம். ஒரு தன்னார்வ நிறுவனத்துக்காக அங்கே வகுப்பு நடத்துபவர் 23 வயதுப் பெண். அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்தவர். இவர் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் அந்தச் சந்துகளுக்குள்தான். தமிழ்ப் பிள்ளைகள் அவரை அக்கா என்று அழைக்கிறார்கள், மராத்திப் பிள்ளைகள் தாயி என்று, மற்றவர்கள் தீதி என்று. மூன்றுக்கும் பொருள் ஒன்றே. டீச்சர் என்று எவரும் அழைப்பதில்லை. அதில் அவருக்கு வருத்தம் இல்லை. ஆனால் கைக்கு வரும் தொகையையும் யாரும் சம்பளம் என்று சொல்வதில்லை, மதிப்பூதியம் என்றே சொல்கிறார்கள் என்பதை அவர் கவனித்திருக்கிறார்.

பள்ளி முடிந்த பிறகு நடக்கும் வகுப்பு என்றதும் வெளியிலிருப்பவர் ஒரு மாலைப் பொழுதை நினைத்துக்கொள்வார். மும்பையில் பல பள்ளிகள் காலை, பிற்பகல் என்று இரண்டு ஷிஃப்டுகளில் இயங்குகின்றன. காலை ஷிஃப்டுப் பிள்ளைகளுக்கு அவர் வகுப்பு பிற்பகல் இரண்டரைக்கு. மற்றவர்களுக்கு மாலை ஆறரைக்கு. ஆகவே பிள்ளைகள் அங்கே வயதால் சேர்வதில்லை, ஷிஃப்டால் சேர்கிறார்கள். ஆறு வயதுச் சிறுமியும் மீசை அரும்பத் தொடங்கிய பையனும் ஒரே நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். வந்தவர்களை மூன்று பாய்களில் பிரித்து உட்கார வைப்பதுதான் அவருடைய முதல் வேலை. அதுவே மிகக் கடினமான வேலை என்பதை அவர் ஒரு பையனிடமிருந்து கற்றுக்கொண்டார்.

பிரிக்கும் முறை எளிது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து ஒரு தாளைக் காட்ட வேண்டும். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு சிறு கதை. எதுவரை படிக்க முடிகிறதோ அதுவே அந்தப் பிள்ளையின் நிலை. 2005 முதல் நாடெங்கும் ஊர்ப்புறக் குழந்தைகளின் கற்றலை அளந்துவரும் அசர் ஆய்விலும் இவ்வகைத் தாள்தான் பயன்படுகிறது. எழுத்து நிலைப் பிள்ளைகளுக்கு ஒரு பாய், சொல் நிலைக்கு ஒன்று, பத்தியும் கதையும் படிப்பவர்களுக்கு ஒன்று. வகுப்பும் வயதும் கணக்கில் வருவதில்லை.

இந்த முறைக்குப் பின்னால் வலுவான சான்று உண்டு. இதே மும்பையிலும் வடோதராவிலும் நடந்த பால்சகி திட்டத்தை பானர்ஜி, கோல், டஃப்லோ, லிண்டன் ஆகியோர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை இன்று பொருளியல் மாணவர் அனைவரும் படிப்பது. பள்ளி நேரத்திலேயே, பின்தங்கிய பிள்ளைகளை அப்பகுதிப் பெண் ஒருவர் தனியே அழைத்து அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் ஆண்டில் மதிப்பெண்கள் 0.28 திட்ட விலக்கம் உயர்ந்தன. திட்டம் நின்று ஓராண்டு ஆனபின் அந்தப் பயனில் பெரும்பகுதி கரைந்து, ஏறத்தாழ 0.1 மட்டுமே எஞ்சியது என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. மேற்கோள் காட்டுவோர் இந்த இரண்டாம் எண்ணை அவ்வளவாகச் சொல்வதில்லை.

அந்தப் பையனுக்கு 11 வயது. நான்காம் வகுப்புவரை ஊரில் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். தந்தை தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் மாமனோடு சேர்ந்துகொண்டதால் குடும்பம் மும்பைக்கு வந்தது. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. ஆனால் இங்கே பிழைக்க இந்தி வேண்டும் என்பது தந்தையின் முடிவு. மகனை இந்திவழியில் ஐந்தாம் வகுப்பில் சேர்த்தார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. பள்ளியும் அப்படியே சேர்த்தது. கூடத்தில் தாளைக் காட்டியபோது அவனால் இந்தி எழுத்துகளில் இரண்டைத்தான் சொல்ல முடிந்தது. எழுத்துப் பாயில், ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, முழங்கால் இடிக்க உட்கார்ந்தான். மறுநாள் வரவில்லை. நான்கு நாள் வரவில்லை.

சட்டம் அவனை வயதின்படி உட்கார வைத்தது. கூடம் நிலையின்படி உட்கார வைத்தது. இரண்டும் நல்லெண்ணத்தில் பிறந்த விதிகள், இரண்டுக்கும் நியாயம் உண்டு. பதினொரு வயதுப் பிள்ளையைச் சிறு பிள்ளைகளோடு அமர்த்துவது அவமானம் என்று முதல் விதிக்குத் தெரியும். புரியாத பாடத்தின் முன் அமர்த்துவது வீண் என்று இரண்டாவதற்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பையனை எப்படி உட்கார வைப்பது என்று எந்தப் பயிற்சிக் கையேடும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் அவர் வீட்டுக்கே போனார். இட்லி வீடுகளில் விடியுமுன்னே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். நண்பகலில் போனதால் எல்லாரும் அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். தாய் மன்னிப்புக் கேட்கும் குரலில், “சொல்லிப் பாத்துட்டேம்மா, போமாட்டேங்கான்” என்றார். பையன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “சின்னப் பிள்ளைகளோட உக்கார மாட்டேன்க்கா.” அவர் வற்புறுத்தவில்லை. கணக்குக்கு மட்டும் வா, அதற்குப் பாய் வேறு என்றார்.

உண்மையும் அதுவே. வாசிப்புக்கு ஒரு பிரிவு, கணக்குக்கு இன்னொரு பிரிவு. இரண்டிலக்கக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல் என்று கணக்குத் தாளின் கடைசி வரிவரை அவன் போய்விட்டான். இதை இட்லி விற்ற அனுபவத்தின் கணக்கில் எழுதிவிடத் தோன்றும். அது தவறாகக்கூடும். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றி 2025இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, கடையில் சிக்கலான கணக்கை மனத்திலேயே போடும் பிள்ளைகள் அதே கணக்கைப் பள்ளித் தாளில் கண்டால் திணறுவதைக் காட்டியது. இந்தப் பையன் தாளில் திணறாததற்குக் காரணம் ஊரில் அவனுக்கு வாய்த்த பள்ளி. எப்படியோ, மேல்நிலைப் பாயில் அவனுக்கு இடம் கிடைத்தது. அங்கே இந்திக் கதையைச் சரளமாகப் படிக்கும் சிறுமிகள் வகுத்தலில் அவனிடம் கேட்டு எழுதினார்கள். வாசிப்பு நேரத்தில் மட்டும் அவன் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொள்வான்.

அப்படி நின்றபோதுதான் அது நடந்தது. கோயில் சுவரில் கொடை விழா அறிவிப்பு ஒன்றைத் தமிழில் ஒட்டியிருந்தார்கள். அவர் அதன் முன் நின்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். வீட்டுத் தமிழ் நன்றாக வரும். படித்தது முழுவதும் இந்தியிலும் மராத்தியிலும் என்பதால் வாசிப்பு வராது. பின்னாலிருந்து பையன் முழு அறிவிப்பையும், நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல் உட்பட, மூச்சுவிடாமல் படித்து முடித்தான். தமிழ்த் தாள் ஒன்று இருந்திருந்தால் அவன் கதை நிலையில் இருந்திருப்பான். அவர் சொல் நிலையில்.

அளவுத்தாள் பொய் சொல்லவில்லை. அது கேட்ட கேள்வி, இந்தி எழுத்துகள் தெரியுமா என்பது. பதிவேட்டில் அந்த விடை, வாசிக்கத் தெரியாத பிள்ளை என்று பொருள் மாறி ஏறிவிட்டது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் சிறிதல்ல. மெய்யோடு உயிர்க்குறி சேர்ந்தால் ஒலி மாறும் என்பதைப் புரிந்துகொள்ளத்தான் எழுத்து நிலைப் பிள்ளைக்கு மாதங்கள் ஆகின்றன. இந்தியில் பாராக்கடி என்று சொல்லும் அட்டவணையும் தமிழின் உயிர்மெய் வரிசையும் ஒரே தத்துவத்தில் அமைந்தவை. அந்தத் தத்துவம் அவனிடம் ஏற்கெனவே இருந்தது. குறிகளின் உருவம் மட்டுமே புதிது. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதை அவனுக்கும் சொல்லிக்கொடுத்தது நேர விரயம். அவன் பாயில் உட்கார மறுத்ததில் வெறும் ரோசம் மட்டும் இல்லை, ஒரு நியாயமும் இருந்திருக்கிறது.

அன்று முதல் வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டும் நேரத்தில் பதினைந்து நிமிடம் அவனுக்கு. தமிழ் எழுத்தை அவன் எழுதுவான். பக்கத்தில் இந்தி எழுத்தை அவர் எழுதுவார். மூன்று வாரங்களில் குறிகள் பிடிபட்டுவிட்டன. முட்டிய இடம் வேறு. தமிழில் ஒரு க இருக்கும் இடத்தில் இந்தியில் நான்கு எழுத்துகள். ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் அப்படியே. தான் என்று தமிழில் எழுதிவிடும் ஒரே வடிவம் இந்தியில் நான்கு வேறு சொற்கள்: பாட்டில் இழுக்கும் ஆலாபனை ஒன்று, துணிச்சுருள் ஒன்று, கொடை ஒன்று, நெல் ஒன்று. பையன் நான்கையும் ஒன்றுபோலவே படித்தான். பள்ளியில் இதற்குத்தான் சிரித்திருக்கிறார்கள். அவருக்கு இது புதிதல்ல. சிறு வயதில் அவரையும் இதே எழுத்துகளுக்காகத்தான் பள்ளியில் கேலி செய்தார்கள். உள்ளங்கையை வாயருகே வைத்து, மூச்சுக் காற்று படுகிறதா இல்லையா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். அந்த உத்தி அவருக்கு எப்படி வந்தது என்று கேட்டால் நினைவில்லை என்பார்.

மேற்பார்வையாளர் வந்தபோது பதிவேட்டில் தமிழ் வாசிப்பைக் குறிக்க ஒரு கட்டம் கேட்டார். படிவம் எல்லாக் கூடங்களுக்கும் பொதுவானது, மாற்ற முடியாது என்று விடை வந்தது. மேற்பார்வையாளர் கெட்டவர் அல்லர்; அவருக்கும் ஒரு படிவம் இருந்தது, அதை நிரப்பி மேலே அனுப்ப வேண்டும். மூன்று மாதக் கணக்கெடுப்பில் பையன் சொல் நிலைக்கு ஏறியதாகக் குறிக்கப்பட்டான்.

அதே மூன்று மாதங்களில் ஒரு சிறுமி நின்றுவிட்டாள். ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் சுமந்தே வருவாள். அவன் அழுதால் வாசலுக்கு எழுந்து போவாள். எந்தப் பாயிலும் அவள் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. தாய்க்கு வேலை நேரம் மாறியதும் வருகை நின்றது. கடைசிக் கணக்கெடுப்பில் இருந்தவர்களை மட்டுமே எண்ணுவதால், கூடத்தின் சராசரி அவள் போனதில் சற்று உயர்ந்தது.

உத்தரப் பிரதேசத்தின் ஜோன்பூர் மாவட்டத்தில் தன்னார்வலர்கள் ஊரில் நடத்திய வாசிப்பு முகாம்களைப் பற்றி 2010இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. தொடக்கத்தில் எதுவும் படிக்கத் தெரியாமல் முகாமுக்கு வந்த பிள்ளைகள் எழுத்தையாவது அறியும் வாய்ப்பு, ஓராண்டில் 60 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியது. அந்த ஊர்களின் பிள்ளைகளில் முகாமுக்கு வந்தவர்கள் 8 விழுக்காட்டினர். கருத்தரங்குகளில் முதல் எண் ஒரு கண்டுபிடிப்பாகவும் இரண்டாம் எண் ஒரு நடைமுறைச் சிக்கலாகவும் பேசப்படும். கூடத்தை நடத்துபவருக்கு இரண்டாம் எண்ணே முழுநேர வேலை. யார் வரவில்லை, ஏன் வரவில்லை, எந்த நேரத்தில் வீட்டுக்குப் போனால் யாராவது விழித்திருப்பார்கள் என்று மதிப்பூதியத்தில் சேராத நேரங்களில் அவர் நடந்துகொண்டிருக்கிறார். சிறுமியின் வீட்டுக்கும் இரண்டு முறை போய்வந்தார். இரண்டு முறையும் கதவு பூட்டியிருந்தது.

பையன் இப்போது நடுப் பாயில், வாசலை ஒட்டிய ஓரத்தில் உட்காருகிறான். தான் வரிசையில் இன்னும் தடுமாறுகிறான். துணிச்சுருளும் கொடையும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன.

ஜூனில் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். தாளை எடுக்குமுன் அவர் ஒவ்வொருவரிடமும் வேறு எந்த எழுத்தாவது படிக்க வருமா என்று கேட்கிறார். படிவத்தில் இடமில்லாததால் விடைகளைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறார். இதுவரை அங்கே ஏழு பெயர்கள் இருக்கின்றன: தமிழ் மூன்று, உருது மூன்று, தெலுங்கு ஒன்று.