சீருடைக்குள்ள யார், ஏன்?

2012 நவம்பரில் கிளிநொச்சியில் 100க்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்பிள்ளைகள் இலங்கை இராணுவத்தின் மகளிர் படையணியில் சேர்க்கப்பட்டார்கள். யுத்தம் முடிஞ்சு மூண்டரை வருசம்தான். இராணுவம் படம் எடுத்துப் போட்டு, இதுதான் நல்லிணக்கம் எண்டது. அலுவலக வேலை எண்டு சொல்லித்தான் கூப்பிட்டவை எண்டு செய்திகள் வந்தன. ஏமாத்திச் சேர்த்துப்போட்டினம் எண்டு தமிழ் அரசியல்வாதிகள் சொன்னார்கள். டிசம்பரில் அவர்களில் சிலர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டபோது வதந்தி இன்னும் கூடியது. எல்லாரும் அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கதைச்சார்கள். அவர்கள் கதைச்சது எங்கேயும் பெரிசா வரேல்லை.

நான் அப்ப சின்ன வகுப்பு. இப்ப கம்பசில ‘பன்மைத்துவம்’ எண்ட சொல்லை அடிக்கடி கேக்கிறன். ஒரு நிறுவனத்தில சிறுபான்மையினர் எத்தனை வீதம், பெண்கள் எத்தனை வீதம் எண்டு எண்ணுறது. அந்தக் கணக்கில இந்தப் பிள்ளைகள் ரெண்டு தரம் வருவார்கள்: தமிழராக ஒருக்கா, பெண்களாக ஒருக்கா. அட்டவணை வடிவாத்தான் இருக்கும்.

எண்ணத் தேவையில்லை எண்டு நான் சொல்லேல்லை. 1949இல் உருவான இராணுவத்துக்கு 1955இல் முதல் இலங்கையர் தளபதியாக வந்தவர் அன்ரன் முத்துக்குமாரு, ஒரு தமிழர். 1962 சதிப்புரட்சி முயற்சிக்குப் பிறகு படை மெல்ல மெல்ல சிங்களவர் மட்டும் எண்ட அளவுக்குப் போனது. எண்ணிப் பார்த்தால்தான் இந்த மாற்றம் தெரியும்.

ஆனா ‘ஏன் சேர்ந்தார்கள்’ எண்டதை எண்ணிக்கை சொல்லாது. அமெரிக்க இராணுவத்தில இருக்கிற பெண்களில் கறுப்பினப் பெண்களின் பங்கு, நாட்டு மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகம். அதை வைச்சு அங்க சமத்துவம் வந்திட்டுது எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். வெளியில அவர்களுக்கு என்ன வேலை கிடைச்சது எண்டுதான் கேக்கவேணும்.

அதே கேள்வியை வன்னியில கேட்டால் சி.எஸ்.டி.யில வந்து நிக்கும். சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் வேர் எல்லைக் கிராமங்களைக் காக்க உருவாக்கின ஊர்காவல் படை. யுத்தத்துக்குப் பிறகு அது கிளிநொச்சி, முல்லைத்தீவில் ஆயிரக்கணக்கான தமிழரை எடுத்தது. முன்னாள் போராளிகளும் அதில இருந்தார்கள். வேலை பண்ணையில, இல்லாட்டி முன்பள்ளியில. வெளியில முன்பள்ளி ரீச்சருக்குக் கிடைக்கிற கொடுப்பனவைவிட அங்க சம்பளம் கூட. எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா போறவ. புருசன் இல்லை, ரெண்டு பிள்ளைகள். ஒருநாள் கேட்டனான். “மாசம் முடிய காசு வரும் பிள்ளை. வேற ஆர் தருவினம்?” எண்டா.

இந்த ‘வேற ஆர்’ எண்டதுக்கு எங்களிட்டப் பதில் இருக்கா? 2018 ஜூனில் விசுவமடுவில், இடமாற்றம் பெற்றுப்போன ஒரு இராணுவக் கேணலை ஊர்ச்சனம் அழுது வழியனுப்பின படம் பேஸ்புக் முழுக்க ஓடிச்சுது. அவருக்குக் கீழ சி.எஸ்.டி.யில வேலை செய்தவையும் அதில. எங்கட ஆக்கள் எத்தனை பேர் துரோகி எண்டு எழுதிச்சினம்! அழுத சனத்துக்கு அந்த வேலையை விட்டால் என்ன இருந்தது எண்டு எழுதினவை குறைவு.

இன்னொண்டும் கதைக்கவேணும். கடைசி யுத்த காலத்தில இயக்கம் கட்டாய ஆட்சேர்ப்புக்கு வந்ததும் இதே வீடுகளுக்குத்தான். பிடிச்சுப்போடுவினம் எண்டு பயந்து பெண்பிள்ளைகளுக்கு அவசரமா கலியாணம் கட்டிவைச்ச தாய்மார் இப்பவும் எங்கட ஊர்களில இருக்கினம். சீருடையின் நிறம் மாறினது. வாசலில நிண்டு பிள்ளையைக் கேக்கிறது மாறேல்லை. ரெண்டையும் ஒண்டெண்டு நான் சொல்லேல்லை. துப்பாக்கியோட வந்து கேக்கிறதும் சம்பளத்தோட வந்து கேக்கிறதும் வேற. ஆனா ‘வேண்டாம்’ எண்டு சொல்ல அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு இடம் இருந்தது எண்ட கேள்வி ரெண்டுக்கும் பொது.

அதால, இனி எத்தனை தமிழர், எத்தனை பெண்கள் எண்டு ஒரு செய்தி வந்தால், கைதட்டவும் திட்டவும் முதல் மூண்டு விசயம் பாருங்கோ. அந்தப் பிரதேசத்தில அவளுக்கு வேற என்ன வேலை இருந்தது? கட்டளை எந்த மொழியில வருது? பத்து வருசத்தில அவள் எந்தப் பதவிக்குப் போகலாம்? நாலாவதா, அவளிட்டயே ஒருக்கால் கேளுங்கோ.