கணக்கில் வராத ஜுரம்

சங்கத்து ஏட்டில் எழுதுவோர் தாம் கண்டு வந்த திருத்தலத்தைப் பற்றியோ, தம்மால் நிகழ்ந்த நற்காரியத்தைப் பற்றியோ எழுதுவது வழக்கம். நான் செய்த பிழை ஒன்றைப் பற்றி எழுத எண்ணுகிறேன். அதற்காக என்னை எவரும் விசாரித்ததில்லை. எவரும் கடிந்து பேசியதுமில்லை. ஆயினும் மழைக்காலம் தொடங்கி, மாடிப்படியில் யாரேனும் இருமும் ஓசை கேட்கும்போதெல்லாம் அந்நினைவு வந்து என் முன் நிற்கிறது.

முதலில் என் இளமைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். 1957-ஆம் ஆண்டில் எனக்கு வயது எட்டு. சென்னை இராயபுரத்தில் ஓர் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். என் தந்தையார் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி வந்தார். வேலைக்குச் செல்லாத நாளுக்குக் கூலி கிடையாது. அவ்வாண்டு மே மாதத்தில் கப்பல் வழியாகப் புதுவகை இன்புளூயன்சா சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியது. ஊரார் அதைப் 'புளூ ஜுரம்' என்றனர். சில நாட்களுக்குள் எங்கள் வீட்டில் ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராகப் படுத்துவிட்டோம்.

ஒரு நாள் காலை, கையில் குறிப்புப் புத்தகத்துடன் சுகாதார ஊழியர் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். "வீட்டில் யாருக்காவது ஜுரம் உண்டா, அம்மா?" என்று கேட்டார். என் அன்னை தலையில் கட்டியிருந்த ஈரத் துணியை அவிழ்த்து மறைத்துக்கொண்டு வெளியே சென்றாள். "ஒருவருக்கும் ஒன்றுமில்லை, ஐயா" என்றாள். அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். உண்மையைச் சொன்னால் தந்தையாரின் வேலை போய்விடும் என்ற அச்சம் அவளுக்கு. அவளை நான் குறை கூறவில்லை. ஐந்து வயிறுகளுக்குச் சோறிட வேண்டியவளின் அச்சம் அது.

பல்லாண்டுகளுக்குப் பின்னர் அந்த நோயின் கணக்கைப் படித்தேன். 1957 மே முதல் 1958 பிப்ரவரி வரை இந்தியா முழுவதிலும் 44 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அந்நோயால் பாதிக்கப்பட்டதாகப் பதிவாகியிருந்தது. இறந்தோர் ஆயிரத்துக்குச் சற்று மேல். அந்த 44 இலட்சத்தில் நாங்கள் ஐவரும் இல்லை. எங்களைப் போன்ற வீடுகள் எத்தனை இருந்தனவோ!

இனி என் சொந்தப் பிழைக்கு வருகிறேன். 1972-இல் உத்தியோக நிமித்தமாக நான் புனே நகரத்துக்கு வந்தேன். மகன் இங்கேயே படித்து, இங்கேயே வேலையும் பெற்றான். அவனும் மருமகளும் பேத்தியும் நானும் ஒரே வீட்டில் வாழ்ந்து வந்தோம். கீழ்த்தளத்தில் ஓர் இளம் மராட்டிய தம்பதியர் குடியிருந்தனர். அந்தப் பெண் என்னைக் 'காகா' என்றே அழைப்பாள். எங்கள் வீட்டுத் தோசை கீழே செல்லும். அவர்கள் வீட்டுப் பூரண போளி மேலே வரும். பேத்தி பாதி நேரம் அவர்கள் கூடத்தில்தான் இருப்பாள்.

2009-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதியன்று, எச்1என்1 என்னும் புதிய இன்புளூயன்சா உலகம் தழுவிய கொள்ளைநோயாகிவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மக்கள் அதைப் 'பன்றிக் காய்ச்சல்' என்று வழங்கினர். ஆகஸ்ட் 3-ஆம் தேதி, இந்தியாவில் அந்நோய்க்கு முதல் உயிர் பலியானது எங்கள் புனேயில்தான். பதினான்கு வயதுப் பள்ளிச் சிறுமி. அதன்பின் ஊரே நடுங்கியது. பள்ளிகளும் திரையரங்குகளும் மூடப்பட்டன. முகக்கவசம் கிடைக்காதோர் கைக்குட்டையால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு நடந்தனர். இருமியவரைக் கண்டு பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து நின்ற காலம் அது.

பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள், ஆகஸ்ட் 22 அன்று, ஒன்பது வயதுப் பேத்திக்கு ஜுரம் கண்டது. தொண்டை வலி, இருமல், உடல் வலி எல்லாம் இருந்தன. "பரிசோதனை நிலையத்துக்கு அழைத்துச் செல்லலாம், மாமா. இல்லாவிட்டால் தொலைபேசியிலாவது தெரிவித்துவிடலாம்" என்றாள் மருமகள். "வேண்டாம், அம்மா. அங்கே நிற்கும் கூட்டத்தில் இல்லாத நோயும் ஒட்டிக்கொள்ளும். பிள்ளையின் பெயரை எழுதிக்கொண்டால் நாளைக்கு இந்தக் கட்டடத்தில் நம்மோடு யார் பேசுவார்கள்?" என்றேன். அயலூரில் வந்து பிழைக்கும் நமக்கு அக்கம்பக்கத்தாரின் முகம் எவ்வளவு பெரிது என்பது வாசகர்களுக்குத் தெரியாததன்று. பெரியவர் பேச்சென்று அவள் அடங்கிவிட்டாள்.

மறுநாள் மாத்திரையினால் ஜுரம் சற்றுத் தணிந்தது. கீழ் வீட்டில் ஆரத்திக்கு அழைப்பு வந்தது. பிள்ளை போகாவிட்டால் சந்தேகம் வருமே என்று எண்ணி, நானே அவள் கையைப் பிடித்துக் கீழே அழைத்துச் சென்றேன். அந்தப் பெண் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. பிள்ளையின் முகம் வாடியிருப்பதைக் கண்டு பக்கத்தில் இருத்திக்கொண்டு, மோதகத்தைப் பிட்டு ஊட்டினாள். "என்ன ஆயிற்று, காகா?" என்று கேட்டாள். "சாதாரண ஜலதோஷம்" என்றேன்.

மூன்று நாட்கள் கழித்து அவளுக்கு ஜுரம் வந்தது. மருத்துவர் அவள் கணவரிடம், "அருகில் யாருக்காவது ஜுரம் இருந்ததா?" என்று விசாரித்தாராம். "எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் இல்லை" என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, பொய் என்னுடையது. இரண்டு நாட்கள் சாதாரண ஜுரத்துக்கான மருந்தே கொடுக்கப்பட்டது. மூன்றாம் நாள் இரவு அவளுக்கு மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் சேர்த்த பிறகே எச்1என்1 என்று தெரிந்தது. அந்நோய்க்குரிய ஒசெல்டாமிவிர் மருந்து, நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால்தான் மிகுந்த பலன் தரும். கர்ப்பிணிகளுக்கு இந்நோய் கடுமையாகக் கூடுமாதலால், சந்தேகம் தோன்றிய உடனேயே பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் கொடுக்க வேண்டிய மருந்து அது. அந்த 48 மணி நேரம் என் ஒரு சொல்லினால் கழிந்துபோயிற்று.

பன்னிரண்டு நாட்கள் அவள் மருத்துவமனையில் இருந்தாள். அந்நாட்களில் நான் உறங்கினேன் என்று சொல்ல முடியாது. இறையருளால் பிழைத்து வந்தாள். நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

எங்கள் வீட்டிலிருந்துதான் அந்நோய் கீழே சென்றது என்று உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. கடைத்தெருவிலும் அவளுக்கு அது தொற்றியிருக்கலாம். ஆனால் இல்லையென்று சொல்லவும் எவராலும் இயலாது. ஏனெனில் எங்கள் வீட்டு ஜுரம் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. மறைத்த நோய் கண்ணுக்குத் தெரியாமற் போகிறதேயன்றி இல்லாமற் போவதில்லை.

அந்த மாதத்தில் சர்க்கார் வெளியிட்டிருந்த அறிவுரைகளைப் பின்னர் நிதானமாகப் படித்துப் பார்த்தபோது வெட்கமே மேலிட்டது. இலேசான ஜுரம் உள்ளவருக்குப் பரிசோதனை கூடத் தேவையில்லை என்றுதான் அதில் எழுதியிருந்தது. வீட்டிலேயே இருக்க வேண்டும். பிறருடன், குறிப்பாகக் கர்ப்பிணிகள், முதியோர், நோயாளிகளுடன் கலக்கலாகாது. ஓரிரு நாட்களில் நிலைமையை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். கேட்டது இவ்வளவே. நான் அஞ்சிய அவமானம் எதுவும் அந்தத் தாளில் இல்லை.

நோயைக் கண்காணிப்பது என்றால் நம் மீது போலீஸ் காவல் வைப்பது என்று எண்ணியிருந்தேன். உண்மையில் அது ஓர் ஏணி. அதன் முதற்படி, வாயிலில் வந்து நிற்கும் ஊழியரின் புத்தகம். அடுத்த படி, மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரியைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம். 1957-இல் அப்பணி குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் நடந்தது. 2009-இல் எங்கள் ஊரிலேயே உள்ள தேசிய வைராலஜி நிலையம் அதில் முன்னின்றது. அதற்கும் மேல், 1952 முதல் நடந்துவரும் உலகளாவிய இன்புளூயன்சா கண்காணிப்பு வலை. இன்புளூயன்சாக் கிருமி ஓயாமல் உருமாறுவதால், ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் நிபுணர்கள் கூடி, அடுத்த பருவத்துத் தடுப்பூசியில் எவ்வகைக் கிருமிகளைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். முதற்படியில் "ஒன்றுமில்லை, ஐயா" என்று சொல்லிவிட்டால், மேற்படியில் இருப்பவர் என்ன செய்வார்? 2009-ஆம் ஆண்டு நோயில் உலகெங்கும் ஆய்வுக்கூடம் உறுதிப்படுத்திய மரணங்கள் சுமார் 18,500. உண்மையில் முதலாண்டில் மட்டும் ஒன்றரை இலட்சம் முதல் ஐந்தே முக்கால் இலட்சம் பேர் வரை இறந்திருக்கக் கூடும் என்று பின்னர் மதிப்பிட்டனர். இவ்விரு எண்களுக்கும் இடையேதான் எங்கள் வீட்டைப் போன்ற வீடுகள் இருக்கின்றன.

2010-ஆம் ஆண்டின் நடுவில் நம் நாட்டிலேயே செய்த தடுப்பு மருந்துகள் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் ஒன்று, புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரித்த, மூக்கில் தெளிக்கும் மருந்து. பேத்திக்கு அதைப் போட அழைத்துச் சென்றவன் நானேதான். அவ்வாண்டு ஆகஸ்டில் கொள்ளைநோய் முடிந்ததாக அறிவித்தார்கள். ஆனால் கிருமி போய்விடவில்லை. பருவ நோயாக நம்மிடையே தங்கிவிட்டது. 2015-இல் இந்தியாவில் 42,000-க்கு மேற்பட்டோரை அது பிடித்தது. சுமார் 3,000 பேர் மாண்டனர். ஆகையால் முதியோரும் கர்ப்பிணிகளும் நாட்பட்ட நோயுடையோரும் மருத்துவரைக் கேட்டு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொள்வது நலம். கர்ப்பிணிகளுக்கு உரியது ஊசி மருந்தே. மூக்கில் தெளிக்கும் உயிர்க்கிருமி மருந்து அன்று. நம்மைப் போன்றோர் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. டில்லி, புனே போன்ற ஊர்களில் இந்த ஜுரம் தென்மேற்குப் பருவமழையோடு பெருகும். சென்னையிலோ ஐப்பசி, கார்த்திகை மழையோடு பெருகும். தீபாவளிக்கு ஊர் செல்வோர் இதை மனத்தில் கொள்ளலாம்.

அவள் வீடு திரும்பிய வாரமே, கீழே சென்று அவள் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வெகு நேரம் தரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "அடுத்த முறை சொல்லிவிடுங்கள், காகா" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் யாருக்கு ஜுரம் கண்டாலும், நான் படியின் மேலேயே நின்றுகொண்டு, "எங்கள் வீட்டில் ஜுரம், இரண்டு நாள் மேலே வர வேண்டாம்" என்று குரல் கொடுத்துவிடுவேன். சொன்ன மறுநாள் காலை கதவைத் திறந்தால், வாயிற்படியில் மூடி வைத்த பாத்திரத்தில் சூடாக அரிசிக் கஞ்சி இருக்கும்.