கண்ணாடிக்குள்ளே ஒரு காடு! – கொளத்தூர் விசிட்

'சண்டே எங்க மச்சி போலாம்?'னு கேட்டா நம்ம பசங்க சொல்ற பதில் மூணே மூணுதான். பீச், மால், சினிமா. நாலாவதா ஒரு இடம் இருக்கு ஃப்ரெண்ட்ஸ்! டிக்கெட் கிடையாது, டிரெஸ் கோட் கிடையாது. சீனத்து கோல்டு ஃபிஷ், தாய்லாந்து ஃபைட்டர், அமேசான் ஏஞ்சல் எல்லாரும் ஒரே தெருவுல குடியிருக்காங்க. வடசென்னைல இருக்கற கொளத்தூர்தான் அந்த இடம். வண்ண மீன் வளர்க்கறவங்களுக்கு இது கிட்டத்தட்ட தலைநகரம்!

சென்ட்ரல்ல இருந்து ஆவடி, அரக்கோணம் பக்கம் போற லோக்கல் ட்ரெயின் பிடிச்சு வில்லிவாக்கத்துல இறங்குங்க. அங்கேர்ந்து ஷேர் ஆட்டோ. 'மீன் கடை'னு சொல்லிடாதீங்க, வஞ்சிரம் விக்கற இடத்துல இறக்கி விட்டுடுவாங்க. 'கலர் மீன் கடை'னு சொன்னாதான் கரெக்ட்டா இறக்குவாங்க.

தெருவெல்லாம் தண்ணி

காலைல ஒன்பது மணிக்கே தெரு களை கட்டிடுது. கடை வாசல்ல ஆக்ஸிஜன் அடைச்ச பாலிதீன் கவர்கள் பலூன் மாதிரி தொங்குது. உள்ளே கப்பி, மோலி, பிளாட்டி, வாள் வால்... ஆண் ஃபைட்டர் மீன்களுக்கு மட்டும் தனித்தனி பாட்டில், நடுவுல அட்டை. அட்டையை எடுத்தா ரெண்டும் செவுளை விரிச்சிக்கிட்டு கண்ணாடியிலேயே முட்டும். நம்ம ஹாஸ்டல் இன்டர்-ரூம் கிரிக்கெட் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை!

அடுத்த கடையில கண்ணாடியை அறுத்து சிலிக்கான் வெச்சு தொட்டி ஒட்டிக்கிட்டு இருக்காங்க. ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். சிம்பிளான கணக்குதான், 2 கன அடி. தண்ணி மட்டுமே சுமார் 57 லிட்டர், அதாவது 57 கிலோ. கண்ணாடி, கல்லு, மண்ணு தனி. 'ஸ்டடி டேபிள் மேல வெச்சுக்கறேன்'னு சொன்ன ஒரு காலேஜ் பையனை, ஒட்டிக்கிட்டு இருந்த அண்ணன் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். "உன் டேபிள் மேல நீ ஏறி நில்லு தம்பி. ஆடலைன்னா சொல்லு, தொட்டி தர்றேன்." ஸ்டிரக்சுரல் இன்ஜினீயரிங்ல இதைவிட ஈஸியான லோடு டெஸ்ட் நான் படிச்சதில்லை.

மொட்டை மாடி அமேசான்

கடைகளுக்குப் பின்னாடி இருக்கற சந்துகள்ல நுழைஞ்சாதான் நிஜ கொளத்தூர் தெரியும். மொட்டை மாடியில சிமென்ட் தொட்டி, மாடிப்படிக்குக் கீழே கண்ணாடித் தொட்டி. வடாம் காய வேண்டிய இடத்துல மீன் குஞ்சு வளருது. ஒரு அக்கா தன்னோட மாடியைச் சுத்திக் காட்டினாங்க. காலைல அஞ்சு மணிக்கு எழுந்து தண்ணி மாத்தணும். தீனி போடணும். குஞ்சு பொரிச்ச கையோட தாய் மீனைப் பிரிக்கணும், இல்லைன்னா அதுவே தின்னுடும்.

"எங்களுக்கு எது பயம் தெரியுமா? மழை இல்லப்பா, கரன்ட் கட்"னாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ மின்சாரம் போய் காத்து மோட்டார் நின்னுடுச்சாம். வீட்ல இருந்த எல்லாரும் ஷிஃப்ட் போட்டு, ராத்திரி முழுக்க மக்ல தண்ணி மொண்டு மொண்டு உயரத்துல இருந்து ஊத்தியிருக்காங்க. அப்பத்தான் காத்து தண்ணியில கலக்கும். "அப்படியும் பாதிக்கு மேல மிதந்துடுச்சு. சில தொட்டி நிரம்பி வழிஞ்சதுல மீனுங்க தெருத் தண்ணியோட போயிடுச்சு." சொல்லிட்டு ரெட்டேரி இருக்கற பக்கமா கை காட்டினாங்க. நமக்கு பத்து ரூபா கப்பி. அவங்களுக்கு அது ஸ்கூல் ஃபீஸ்.

சைக்கிள் வீரர் போட்ட விதை

இப்போ இந்தத் தெருவுல புதுசா ஒரு கூட்டம் வருது. மீனைப் பார்க்கவே மாட்டாங்க, நேரா செடி இருக்கற தொட்டிக்குப் போய் நிக்கறாங்க. அக்வாஸ்கேப்பிங் பார்ட்டிங்க! தண்ணிக்குள்ள தோட்டம் போடற கலை. கல்லு மலையாகும், வேர்க்கட்டை மரமாகும், ஒரு சின்ன பாசி அதுல புல்வெளியாகும். மீன் சும்மா கெஸ்ட் ரோல்தான்.

இதை உலகம் முழுக்கப் பரப்பினவர் ஜப்பான்ல நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ. பிறந்தது 1954. முதல்ல சைக்கிள் ரேஸ் வீரர், அப்புறம் காட்டைப் படம் எடுக்கற போட்டோகிராஃபர். காட்டுல பார்த்ததைக் கண்ணாடிக்குள்ள கொண்டு வரணும்னு ஆரம்பிச்சவர், 1982-ல இதுக்குனே கம்பெனி தொடங்கினார். பாசி தின்னும்னு ஒரு சின்ன இறாலை இவர் பிரபலமாக்க, அதுக்குப் பேரே 'அமானோ இறால்'னு ஆகிடுச்சு. 2015-ல போர்ச்சுகலோட லிஸ்பன் நகர அக்வேரியத்துல 40 மீட்டர் நீளத்துக்கு, 1,60,000 லிட்டர்ல ஒரு காடே அமைச்சார். அதே வருஷம் ஆகஸ்ட்டில் காலமானார்.

அவர் பாணியில 'இவாகுமி'னு ஒண்ணு. வெறும் கல்லும் குட்டைப் புல்லும்தான். கல்லோட எண்ணிக்கை ஒத்தைப்படையா இருக்கணும், ஒரு பெரிய கல்லு ஹீரோ, மத்ததெல்லாம் அதுக்குத் துணை. ஹீரோவை நட்ட நடுவுல வைக்கக் கூடாது, கொஞ்சம் ஓரமா வைக்கணும். கொளத்தூர் கடைக்காரர் இதையே நம்ம ஸ்டைல்ல சொல்றார்: "கொலு மாதிரி நடுவுல வெச்சு ரெண்டு பக்கமும் சமமா அடுக்கினா அழகுதான் தம்பி, ஆனா காடு மாதிரி தெரியாது."

பிளஸ் டூ பாடம் தொட்டிக்குள்ளே

செடித் தொட்டிங்க முன்னாடி நின்னா பயாலஜி மேடம் குரல் கேக்குது. ஹைட்ரில்லா ஞாபகம் இருக்கா? கண்ணாடிப் புனலைக் கவுத்து, டெஸ்ட் ட்யூப் வெச்சு, ஆக்ஸிஜன் குமிழி எண்ணினோமே... அதே செடி கொத்து கொத்தா இங்கே கிடைக்குது. பக்கத்துலயே வாலிஸ்னேரியா. தண்ணி மூலமா மகரந்தச் சேர்க்கைக்கு நாம எழுதின உதாரணம்! மார்க் வாங்கினதோட மறந்த ரெண்டு பேரும் உயிரோட ஆடிக்கிட்டு இருக்கறதைப் பார்த்தப்போ, பழைய கிளாஸ்மேட்டை பஸ் ஸ்டாண்ட்ல பார்த்த சந்தோஷம்.

என்கூட வந்த நண்பனோட கேஸே வேற. அவன் தங்கியிருக்கற ரூம்ல ஜன்னல் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர். எழுந்தா சுவர், படுத்தா சுவர். 'பச்சையா ஏதாவது ஒண்ணு பார்க்கணும்டா'ங்கறது மட்டும்தான் அவன் ஆசை. கையில இருந்தது ஒரு மாச டிபன் செலவுல மிச்சம் பிடிச்ச காசு.

கடைக்காரர் பெரியவர் அவனை உக்கார வெச்சு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தார். மீனோட கழிவும் மிச்சத் தீனியும் அமோனியா ஆகும், அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அதைச் செடி சாப்பிட்டுடும். இந்த பாக்டீரியா கூட்டம் குடியேற நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். "இன்னிக்குத் தொட்டி, இன்னிக்கே மீன்னு வாங்கிட்டுப் போறவன் அடுத்த வாரமே மீன் செத்துடுச்சுனு திரும்ப வருவான். எனக்கு வியாபாரம்தான். ஆனா பாவம் யாருக்கு?"

கார்பன் டை ஆக்ஸைடு சமாச்சாரமும் சொன்னார். காஸ்ட்லி செடிகளுக்கு சிலிண்டர் வேணும். காசில்லாதவங்க சர்க்கரையும் ஈஸ்ட்டும் பழைய பாட்டில்ல போட்டு, நொதிக்கும்போது வர்ற வாயுவை ட்யூப் வழியா விடறாங்க. அது ராத்திரியிலயும் வந்துக்கிட்டே இருக்கும், அப்போ செடியும் ஆக்ஸிஜனைத்தான் இழுக்கும். அளவு தப்பினா காலைல மீனுங்க மேல வந்து வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும். அதனால முதல் தொட்டிக்கு இது எதுவும் வேணாம்னுட்டார். ஜாவா மாஸ், ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ்... இவங்க குறைஞ்ச வெளிச்சத்துலயே பிழைச்சுக்குவாங்க. கட்டையில நூலால கட்டிவிட்டா போதும். அனுபியாஸோட தண்டை மட்டும் மண்ணுல புதைக்கக் கூடாது, அழுகிடும்.

'செமஸ்டர் லீவுக்கு என்ன பண்ணுவ?'

எல்லாம் முடிஞ்சு, நண்பன் ஒரு மீனைக் காட்டினான். கறுப்பா, கண்ணாடியில வாயை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் 'டேங்க் க்ளீனர்'னு கூப்பிடற மீன்.

"எந்த ஊர் நீ?"

"தேனிங்கய்யா."

"மே மாசம் லீவுக்கு ஊருக்குப் போவியே... அப்போ இதை என்ன பண்ணுவ?"

நண்பன் முழிச்சான். பெரியவர் விடலை.

"ஏரியில விட்டுடுவ. புண்ணியம்னு நினைச்சுக்குவ. வருஷா வருஷம் உன்னை மாதிரி பசங்க பத்துப் பேரு என்கிட்ட வந்து சொல்றாங்க. உனக்கு இது கிடையாது, கிளம்பு."

வாங்க வந்தவன்கிட்ட விக்க மாட்டேன்னு சொல்ற கடையை நான் முதல் தடவையா பார்த்தேன்! ஆனா அவர் சொன்னதுல விஷயம் இருக்கு. இந்த மீனோட சொந்த ஊர் தென் அமெரிக்கா. இங்கே விரல் நீளத்துல விப்பாங்க, வளர்ந்தா ஒரு அடியைத் தாண்டும். ஏரியில விட்டா கரையைக் குடைஞ்சு வளை தோண்டும். உடம்பெல்லாம் கவசம் மாதிரி தட்டு, முள்ளு. மீனவர் வலையில சிக்கினா வலை கிழியும். வாங்க ஆள் கிடையாது. தமிழ்நாட்டு நீர்நிலைகள்ல இது ஏற்கெனவே பரவிடுச்சு.

செடியும் இதே கதைதான். 2020-ல கேரளாவின் கோழிக்கோடு மாவட்டம், ஆவளப் பாண்டியில ஒரு கால்வாய் முழுக்க ரோஸ் கலர்ல பூத்துக் குலுங்க, செல்ஃபி எடுக்கக் கூட்டம் அலைமோதுச்சு. அது கபோம்பா. அக்வேரியத்துல வளர்க்கற தென் அமெரிக்கச் செடி! பார்க்க அழகு, ஆனா கீழே இருக்கற மத்த செடிகளுக்கு வெளிச்சமே போகாது. நாமும் சும்மா இல்லை. நம்ம டெஸ்ட் ட்யூப் தோழி ஹைட்ரில்லா, 1950-கள்ல அக்வேரியம் வியாபாரத்துல இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்குப் போச்சு. ஃப்ளோரிடாவின் ஏரிகளையும் கால்வாய்களையும் அடைச்சு, இன்னிக்கும் அங்கே அதுதான் வில்லி. ஊர் மாறினா ஹீரோயினும் வில்லி ஆகலாம்.

கடைசியில நண்பன் ஒரு சின்னத் தொட்டி, மூணு கல்லு, ஒரு வேர்க்கட்டை, கொஞ்சம் ஜாவா மாஸ், ரெண்டு அனுபியாஸ் வாங்கினான். மீன் நஹி! ஆறு வாரம் கழிச்சு வரச் சொன்னார் பெரியவர். "லீவுக்குப் போறப்ப மீனை இங்கயே கொண்டு வந்து விடு, நான் பார்த்துக்கறேன். திரும்பி வந்து எடுத்துக்கோ." ஹாஸ்டல்ல வார்டனே இப்படிக் கேர் எடுத்து நான் பார்த்ததில்லை பாஸ்!

போறதுக்கு முன்னாடி...

காலைலயே போங்க. மத்தியானம் வெயில்ல கவர்ல இருக்கற மீனுக்குத்தான் கஷ்டம்.

மெட்ரோ வாட்டரை அப்படியே ஊத்தாதீங்க. அதுல இருக்கற குளோரின் மீனுக்கும் ஆகாது, பாக்டீரியாவுக்கும் ஆகாது. கடையில குளோரின் நீக்கி கேட்டு வாங்குங்க.

லைட் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். அதுக்கு மேல போனா செடி வளராது, பாசிதான் வளரும்.

கோடையில தண்ணி சூடாகும். தொட்டி மேல ஒரு குட்டி ஃபேன் வெச்சா, தண்ணி ஆவியாகி ரெண்டு மூணு டிகிரி குறையும். நம்ம மண்பானை டெக்னாலஜிதான்.

செடியை வெட்டிப் போடும்போது வாய்க்கால்லயோ ஏரியிலயோ வீசாதீங்க. வெயில்ல காய வெச்சுட்டு, பூந்தொட்டிக்கு உரமா போடுங்க.

முக்கியமா, அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு உங்ககிட்ட பதில் இருக்கானு பாருங்க. இருந்தா, வில்லிவாக்கத்துக்கு ஒரு டிக்கெட் எடுங்க!