ஒத்துக்காரரின் மூச்சுப் பாடம்

திருவாவடுதுறையில் வளர்ந்த பிள்ளைகள் காதில் இரண்டு பெயர்கள் விழுந்துகொண்டே இருக்கும். ஒன்று திருமூலர். கோமுத்தீசுவரர் கோயிலுக்குள் அவருக்குத் தனிச் சன்னிதி உண்டு. அங்கே அரசமரத்தடியில் யோகத்தில் அமர்ந்து திருமந்திரம் பாடினார் என்பது ஊரார் நம்பிக்கை. இன்னொன்று நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை. என் தாத்தா இந்த இருவருக்கும் கடன்பட்டவர். கல்யாணக் கச்சேரிகளில் ஒத்து ஊதினார். விடியற்காலையில் பிராணாயாமம் செய்தார்.

ஒத்து, சுருதிக்கான வாத்தியம். நாகஸ்வரம் நின்றாலும் ஒத்து நிற்கக் கூடாது. கன்னத்தில் தேக்கிய காற்று, வாத்தியத்தின் ஊதுவாயான சீவாளிக்குள் போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் புதுக்காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். சுருதிப் பெட்டி வந்து ஒத்துக்காரர்களுக்கு வேலை குறைந்த பிறகு, தாத்தாவின் வாத்தியம் உறைக்குள் போய்விட்டது. மூச்சுப் பயிற்சி மட்டும் தொடர்ந்தது. நாகஸ்வரம் கற்றுத்தரச் சொல்லி நான் நச்சரித்தபோது அவர் சொன்னது ஒன்றுதான்: “முதல்ல மூச்சு தம்பி. வாத்தியம் அப்புறம்.”

பாடம் வெறும் வயிற்றில் தொடங்கும். ரேழியில் கோரைப்பாயை விரித்து என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, தொப்புளுக்கு மேல் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைப்பார். “மார் அசையக் கூடாது. கொட்டாங்கச்சி ஏறணும், இறங்கணும். அவ்வளவுதான்.” நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் கீழே இறங்கினால் நுரையீரலின் அடிப்பகுதி விரியும், வயிறு மேலெழும் என்பதைப் பின்னாளில் உயிரியல் புத்தகத்தில் படித்தேன். உடம்புக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

அது படிந்ததும் உட்காரவைத்தார். இலவம்பஞ்சில் ஒரு பிசிறு எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து என் மூக்குக்குக் கீழே நீட்டுவார். நான் மூச்சு விடும்போது பஞ்சு பறக்கக் கூடாது. புஸ்ஸென்று விட்டால் பறந்து நிலைப்படிக்கே போய்விடும். பறந்ததை எடுத்துவந்து மறுபடி வைப்பார், கோபிக்கவே மாட்டார். “உள்ள வாங்குறது தானா நடக்கும்டா. வெளிய விடுறதுலதான் பொறுமை வேணும்.” வெள்ளை இழைகள் இலேசாக நடுங்கி, கையைவிட்டுப் போகாமல் கிடந்த காலையில் அவர் முகத்தில் வந்த சிரிப்பு இன்றும் கண்ணில் நிற்கிறது.

பிறகுதான் நாடிசுத்தி. வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி, கட்டைவிரலால் வலது நாசியை அடைக்க வேண்டும். இடது நாசியில் வாங்கி, மோதிரவிரலால் அதை மூடி வலதில் விட வேண்டும். மறுபடி வலதில் வாங்கி இடதில் விட்டால் ஒரு சுற்று. வாங்க நான்கு மாத்திரை, விட எட்டு. மாத்திரைக் கணக்குக்கு அவர் விரல் நொடிப்பார். திருமூலர் சொல்லும் கணக்கு இதைவிடப் பெரிது: பூரகம் (உள்ளே வாங்குவது) 16, கும்பகம் (அடக்குவது) 64, இரேசகம் (வெளியே விடுவது) 32. நானும் மூச்சை அடக்கிக் காட்டுகிறேன் என்றபோது உறுதியாக மறுத்துவிட்டார். “கும்பகம் சின்னப் பிள்ளைங்களுக்குக் கிடையாது. பெரியவங்களே குரு பக்கத்துல இருந்தாத்தான் செய்யணும்.”

எந்த நாசியில் ஓட்டம் இருக்கிறது என்று பார்க்கப் புறங்கையை மூக்கடியில் வைக்கச் சொல்வார். ஒரு பக்கம் காற்று தாராளமாக வரும், மறுபக்கம் மெலிந்திருக்கும். சில மணி நேரத்தில் மாறிவிடும். இடகலை (இடது), பிங்கலை (வலது) என்று நம் யோகிகள் பேசிய இந்த மாற்றத்தை 1895-இல் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்தார். தாத்தா ஒருநாள் சிலேட்டில் 21,600 என்று எழுதி, 1,440 நிமிடத்தால் வகுக்கச் சொன்னார். 15 வந்தது. ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சு 21,600 என்பது யோக நூல்கள் சொல்லும் கணக்கு. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 என்று மருத்துவம் சொல்வதோடு அந்த 15 பொருந்துகிறது.

எனக்குப் பிடித்தது பிராமரி. உதட்டை மூடி, காதை அடைத்து, வெளிமூச்சு முழுவதையும் வண்டின் ரீங்காரமாக்கும் பயிற்சி. தாத்தா அதை ஒத்தின் சுருதியிலேயே பிடிப்பார், நானும் சேர்ந்துகொள்வேன். மண்டை ஓட்டுக்குள் அந்த நாதம் அதிரும். அது அடங்கிய பிறகு வரும் அமைதியில் எதையும் பேசத் தோன்றாது.

நான் நாகஸ்வரக்காரன் ஆகவில்லை. ஆனால் தேர்வு அறையிலும், பின்னாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த இரவுகளிலும் எனக்குக் கைகொடுத்தது அந்த நான்குக்கு எட்டுதான். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பு தணிகிறது என்பதை இன்று உடலியல் விளக்குகிறது.

2015 முதல் ஜூன் 21-ஆம் தேதி யோகா தினமாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளி மைதானங்களில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, “நன்றாக மூச்சை இழு, அடக்கு” என்று சொல்லும்போது என் மனம் பதறுகிறது. சிறுபிள்ளைகளுக்கு அடக்குவது தேவையில்லை; யார் அதிகம் என்ற போட்டியும் தேவையில்லை. வயிறு தளர்ந்திருக்கட்டும், முதலில் மெதுவாக விடக் கற்றுக்கொடுங்கள். அதைக் கற்ற பிள்ளைக்குப் பயமோ கோபமோ வரும் நேரத்தில் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ள ஒரு வழி இருக்கும். அதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.